ஆங்கிலச் சொல்லா, ஆளின் பெயரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில வகுப்பு எடுப்பவர்களிடம் இலக்கணத்தைவிட அதிகமாக வரும் சந்தேகம் பெயர்களைப் பற்றியது. முந்தின நாள் கிரிக்கெட்டில் ஸ்மித், குக், ஆர்ச்சர், பட்லர் என்று பார்த்துவிட்டு வந்து, "இதெல்லாம் வேலைப் பேரா, ஆள் பேரா?" என்று ஆரம்பிப்பார்கள். அங்கிருந்து பேச்சு ரோஸ், ஜாக், பில் என்று போகும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, பின்னால் உள்ள பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி இருக்கின்றன.

ஸ்மித்னா கொல்லர்னு சொல்றாங்களே, அப்ப ஸ்மித்னு பேர் உள்ளவங்க எல்லாம் இரும்படிச்ச குடும்பமா?

எப்போதோ ஒரு மூதாதை உலோக வேலை செய்திருக்கலாம், அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் ஸ்மித் என்பது உலோகத்தில் வேலை செய்யும் யாரையும் குறிக்கும், பொற்கொல்லரும் ஸ்மித்தான். 1066-இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு குடும்பப்பெயர் வைக்கும் பழக்கம் மேல்தட்டில் தொடங்கி மெல்லக் கீழே இறங்கியது. சுமார் 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் அது நிலைத்துவிட்டது. அதற்கு முன்பு தொழிற்பெயர் அந்த ஆளோடு சரி. மகன் தச்சு வேலைக்குப் போனால் மகனுக்கு வேறு பெயர். பெயர் உறைந்துபோன தலைமுறையில் யார் என்ன வேலை செய்தார்களோ, அது பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டது.

இதில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஊரெல்லாம் உழவர்கள், கொல்லரோ ஊருக்கு ஒருவர். பிறகு ஏன் இங்கிலாந்தில் ஸ்மித்தே மிக அதிகமான குடும்பப்பெயர்? காரணமே அதுதான். எல்லாரும் உழவர் என்றால் "உழவர் ஜான்" என்று சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. "கொல்லர் ஜான்" என்றால் உடனே தெரியும். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒருவர் இருந்ததால் நாடு முழுக்கச் சேர்ந்து பெரிய எண்ணிக்கை ஆகிவிட்டது. ஜெர்மனியில் ஷ்மிட், இத்தாலியில் ஃபெராரி, ஹங்கேரியில் கோவாச், அரபு நாடுகளில் ஹத்தாத் என எல்லாமே கொல்லர் வழி வந்த பெயர்கள்.

வாக்கர்னா நடக்கிறவரா? நடக்கிறது ஒரு வேலையா?

வேலைதான், சம்பளம் கொடுத்து நடக்கச் சொல்வார்கள். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி தளர்வாக, ஆட்டு ரோமத்தின் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் பல இடங்களில் புளித்த சிறுநீரும் ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். பிசுக்கு போய், துணி சுருங்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். மிதித்தவர் வாக்கர். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து தண்ணீரில் ஓடும் ஆலைகள் வந்து மரச் சம்மட்டிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதே வேலைக்கு இங்கிலாந்தின் வடக்கில் வாக்கர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர் என்று பெயர். மூன்று குடும்பப்பெயர்களும் ஒரே தொட்டியில் நின்றவர்களுடையவை. ஒருவரின் பெயரைக் கேட்டே அவருடைய முன்னோர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு ஊகிக்கலாம். அந்தக் களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் ஃபுல்லரின் மண் என்றே பெயர். நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி அந்த வகை மண்தான். எண்ணெயை உறிஞ்சும் குணத்துக்காகத்தான் அங்கே துணிக்கும் இங்கே முகத்துக்கும்.

கூப்பர், ஃப்ளெட்சர், சாண்ட்லர், பட்லர்... இவங்கெல்லாம் என்ன வேலை பார்த்தாங்க?

கூப்பர் மரப்பீப்பாய் செய்பவர். ஃப்ளெட்சர் அம்பு செய்பவர், அம்புக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சாண்ட்லர் மெழுகுவர்த்திக்காரர். பட்லர் புட்டிகளுக்குப் பொறுப்பானவர், அதாவது பெரிய வீட்டின் மது அறைச் சாவி அவரிடம். பிறகு அது தலைமைப் பணியாளர் என்று ஆகி, மெட்ராஸில் வெள்ளைக்காரர் வீட்டு வேலையாட்கள் பேசிய 'பட்லர் இங்கிலீஷ்' வரை வந்துசேர்ந்தது. தாட்சர் வைக்கோல் கூரை வேய்பவர், டைலர் ஓடு வேய்பவர்.

வெப்ஸ்டர், பாக்ஸ்டர், ப்ரூஸ்டர் ஆகியவை சுவாரசியமானவை. அந்த 'ஸ்டர்' விகுதி முதலில் பெண்பால் விகுதி. வெப்ஸ்டர் நெசவு செய்யும் பெண், பாக்ஸ்டர் ரொட்டி சுடும் பெண், ப்ரூஸ்டர் மது காய்ச்சும் பெண். பின்னால் ஆண்களுக்கும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். 1828-இல் அமெரிக்க அகராதியை வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் குடும்பப்பெயரில் இருப்பது ஒரு நெசவுக்காரி.

கிங், பிஷப், போப்னு எல்லாம் பேர் இருக்கே, அது ராஜ வம்சமா?

போப்புக்கும் பிஷப்புக்கும் அந்தக் காலத்தில் கல்யாணமே கிடையாது, வம்சத்துக்கு எங்கே போவது? இவை பெரும்பாலும் பட்டப்பெயர்கள். ஊர்த் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர், ராஜா மாதிரி நடந்துகொண்டவர், அரண்மனையில் வேலை பார்த்தவர் ஆகியோரெல்லாம் கிங் ஆனார்கள்.

உண்மையான ராஜ வம்சம் வேறொரு பெயரில் இருக்கிறது. ஸ்டூவர்ட் என்பது வீட்டு நிர்வாகி என்ற பழைய சொல். விமானத்தில் சாப்பாடு கொண்டுவருபவரை ஸ்டூவர்ட் என்பதும் அதே சொல்தான். ஸ்காட்லாந்தில் அரசரின் தலைமை நிர்வாகியாகப் பரம்பரையாக இருந்த குடும்பம் அந்தப் பதவியையே பெயராக வைத்துக்கொண்டது. 1371-இல் அந்தக் குடும்பத்து ராபர்ட் அரசரானார். 1603-இல் அவர்கள் இங்கிலாந்துக்கும் அரசர்கள் ஆகிவிட்டார்கள்.

கிரேஸ், ஹோப், ஃபெய்த்... நம்ம கிறிஸ்தவக் குடும்பங்கள்லயும் இருக்கே. எப்ப வந்தது இது?

மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களிடம் இது வலுப்பெற்றது. புனிதர்களின் பெயர்கள் கத்தோலிக்க வாடை அடிக்கின்றன என்று ஒதுக்கிவிட்டு நற்குணங்களையே பெயராக்கினார்கள். கிருபை, நம்பிக்கை, பொறுமை, விவேகம் எல்லாம் பெண் குழந்தைகளின் பெயர்கள் ஆயின. சிலர் அதோடு நிற்கவில்லை. லண்டனில் தோல் வியாபாரம் செய்த ஒருவரின் முதற்பெயர் 'கடவுளைத் துதி'. முழுப்பெயர் ப்ரெய்ஸ்-காட் பேர்போன். 1653-இல் இங்கிலாந்தின் படைத்தலைவர் கிராம்வெல் கூட்டிய சபையில் அவர் உறுப்பினர், அந்தச் சபையையே மக்கள் கேலியாக 'பேர்போன் பாராளுமன்றம்' என்றார்கள்.

தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களிடம் கிருபை, தேவஇரக்கம், நேசமணி போன்ற பெயர்கள் இருப்பது இதே மனப்போக்குதான். ஒரே வீட்டில் பாட்டி கிருபை, பேத்தி கிரேஸ் என்று இருப்பதைப் பார்க்கலாம்.

ரோஸ், டெய்சி எல்லாம் பூதானே? இதுல கேக்க என்ன இருக்கு?

ரோஸில் நிறையவே இருக்கிறது. நார்மன்கள் கொண்டுவந்த பழைய பெண் பெயர் 'ரோஹேஸ்' போன்ற வடிவம். அது ஜெர்மானிய மொழியில் 'புகழ்', 'வகை' என்ற இரண்டு சொற்களால் ஆனது. பூவுக்குத் தொடர்பே இல்லை. பேச்சில் தேய்ந்து ரோஸ் ஆனபோது, லத்தீனிலிருந்து வந்த பூவின் பெயரோடு ஒலியில் ஒன்றாகிவிட்டது. அப்புறம் எல்லாரும் பூவை நினைத்தே வைக்க ஆரம்பித்தார்கள். இன்று ஒரு குழந்தைக்கு ரோஸ் என்று வைத்தால் அது பூதான், சந்தேகமில்லை. 12-ஆம் நூற்றாண்டுப் பெண்ணின் பெயரைப் பூ என்று சொல்வதுதான் தவறு.

டெய்சி இன்னும் அழகு. பழைய ஆங்கிலத்தில் அது 'பகலின் கண்'. அந்தப் பூ காலையில் விரிந்து இரவில் மூடிக்கொள்ளும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பல டெய்சிகளின் நிஜப்பெயர் மார்கரெட். பிரெஞ்சில் அந்தப் பூவுக்கு மார்கரிட் என்று பெயர், அதனால் டெய்சி மார்கரெட்டின் செல்லப்பெயர் ஆனது. மார்கரெட்டோ கிரேக்கத்தில் முத்து. எனவே மார்கரெட், டெய்சி, பேர்ல், நம் ஊர் முத்தம்மா நால்வரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கலாம். ஐவி, வயலெட், ஹேசல், ஹெதர் எல்லாம் நேரடியாகச் செடிகள்தான், பெயராகப் பரவியதும் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

எங்க ஸ்கூல்ல பெரில்னு ஒரு மிஸ் இருந்தாங்க. அது என்ன பேரு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெரில் ஒரு ரத்தினக் கல் வகை. பச்சையாக இருந்தால் மரகதம், கடல்நீல நிறத்தில் இருந்தால் அக்வாமரின். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ரூபி, பேர்ல், ஓபல் வரிசையில் பெண்களுக்கு இந்தப் பெயரும் வந்தது, அங்கிருந்து நம் மிஷன் பள்ளிகளுக்கு.

ஆனால் சொல் போன பாதை எதிர்த்திசை. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு, லத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது, கிரேக்கத்துக்குப் பிராகிருதத்திலிருந்து. வைடூரியம் என்ற சொல்லும் அதே குடும்பம். இதன் வேர் திராவிட மொழி என்றும், வேளூர் போன்ற ஒரு தென்னிந்திய ஊர்ப்பெயராக இருக்கலாம் என்றும் மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். கல்லும் இங்கிருந்துதான் போனது. காங்கேயம் பக்கம் படியூரில் பெரில் கிடைத்தது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் பெரில் முதலிய கற்களை அறுத்து மணியாக்கிய தொழிற்கூடத் தடயங்கள் கிடைத்துள்ளன. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரிலுக்கு இந்தியாவைத்தான் சொல்கிறார். ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கு 'ப்ரில்ல' என்று பெயர். முதலில் அந்தக் கல்லைத் தேய்த்து வில்லை செய்ததால் வந்தது. (இன்று நவரத்தினத்தில் வைடூரியம் என்பது பூனைக்கண் கல். சொல் ஒன்று, கல் வேறு.)

ஜிஞ்சர்னு ஒரு பழைய ஹாலிவுட் நடிகை இருந்தாங்களாம். இஞ்சியையா பேரா வைப்பாங்க?

ஜிஞ்சர் ரோஜர்ஸைச் சொல்கிறீர்கள். 1911-இல் பிறந்தபோது வைத்த பெயர் வர்ஜீனியா. உறவுக்காரக் குழந்தைக்கு வர்ஜீனியா என்று வாயில் நுழையாமல் அது ஜிஞ்சர் ஆனது. இன்னும் சிலருக்குச் செம்பட்டை முடியைப் பார்த்து ஜிஞ்சர் என்று வைப்பதுண்டு.

இஞ்சியான ஜிஞ்சர் வேறு கதை. பெரில் போன அதே கப்பல் வழி என்றே சொல்லலாம்: இஞ்சியும் வேரும் சேர்ந்த திராவிடச் சொல் பாலி மொழியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கம், லத்தீன் தாண்டி ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆனது.

வில்லியம் எப்படி பில் ஆச்சு? அந்த பில்லும் கடை பில்லும் ஒண்ணா?

இடைக்கால இங்கிலாந்தில் ஒரே தெருவில் பத்து வில்லியம், பத்து ராபர்ட் இருப்பார்கள். செல்லப்பெயரைச் சுருக்கி, பிறகு முதல் எழுத்தை மாற்றி எதுகையாகச் சொல்வது வழக்கமானது. ராபர்ட், ராப், பாப். ரிச்சர்ட், ரிக், டிக். மார்கரெட், மெக், பெக். அப்படியே வில்லியம், வில், பில்.

கடை பில் லத்தீனில் முத்திரையைக் குறித்த சொல்லின் திரிபு. முத்திரையிட்ட ஓலை, அப்புறம் எந்த எழுத்துச் சீட்டும், கடைசியில் கணக்குச் சீட்டு. சட்டமன்றத்தில் வைக்கும் பில்லும் அதுவே. பறவையின் அலகான பில் மூன்றாவது ஆள். மூன்றுக்கும் உறவில்லை. ஆனால் 'வில்' வரைக்கும் போய்ப் பார்த்தால் ஒரு நிஜ உறவு கிடைக்கும். வில்லியம் என்பது ஜெர்மானிய மொழியில் 'விருப்பம்', 'தலைக்கவசம்' என்ற இரண்டும் சேர்ந்தது. சொத்து யாருக்கு என்று எழுதிவைக்கும் வில்லும் அந்த விருப்பம்தான். அதைத்தான் நாம் உயில் என்று தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

டயர் மாத்துற ஜாக்கி, குதிரை ஓட்டுற ஜாக்கி, சீட்டுல வர்ற ஜாக்கி. மூணும் ஒரே ஆளா?

இங்கே ஆச்சரியமாக, ஆம். ஜாக் என்பது ஜானின் செல்லப்பெயர். தெருவுக்குத் தெரு ஜான் இருந்ததால் ஜாக் என்றால் 'யாரோ ஒரு பையன்', 'எடுபிடி' என்றே பொருள் வந்துவிட்டது. பூட்ஸைக் கழற்றிவிட ஒரு பையன் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மரக்கட்டைக்கும் ஜாக் என்றார்கள். கனம் தூக்கும் கருவிக்கும் அப்படியே. சீட்டில் அரசன், அரசிக்குக் கீழே நிற்கும் வேலைக்காரனும் அவன்தான். ஜாக்கின் (Jack) ஸ்காட்லாந்து வடிவமும் ஜாக்தான் (Jock). உச்சரிப்பில் ஓகாரம் கலந்திருக்கும். அதிலிருந்து வந்தது குதிரை ஓட்டும் ஜாக்கி. ஆங்கிலத்தில் கருவி ஜாக், குதிரைக்காரர் ஜாக்கி. நாம் எல்லாரையும் ஜாக்கி ஆக்கிவிட்டோம்.

அப்ப ஜாக்ஃப்ரூட்?

அதில் எந்த ஜாக்கும் இல்லை. மலையாளத்தின் சக்கையைப் போர்ச்சுகீசியர்கள் ஜாகா என்றார்கள், ஆங்கிலேயர் அதை ஜாக் ஆக்கிவிட்டார்கள். கன்னியாகுமரிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், அவர்கள் வீட்டில் பலாப்பழம் இன்றும் சக்கைதான். குள்ளநரியான ஜாக்கலும் அப்படியே: சமஸ்கிருத சிருகாலம் பாரசீகம், துருக்கி வழியாகப் போய்ச் சேர்ந்தது.

ஃப்ராங்குனு பேர் இருக்கிறவர் மனசுல பட்டதைப் பேசுறவரா?

பேசினாலும் பேசாவிட்டாலும், பெயரும் சொல்லும் ஒரே வேர். ஃப்ராங்க் என்பவர்கள் ஒரு ஜெர்மானிய இனம். இன்றைய பிரான்ஸைக் கைப்பற்றி ஆண்டார்கள், நாட்டுக்குப் பெயரும் அவர்களால்தான். அவர்கள் ஆட்சியில் முழுச் சுதந்திரம் அந்த இனத்தாருக்கு என்று இருந்ததால் ஃப்ராங்க் என்றால் 'சுதந்திரமானவர்' என்றானது, அப்புறம் 'தடையில்லாமல் பேசுபவர்'. கட்டணமில்லாமல் போகும் கடிதத்துக்கு அடையாளம் போடுவதை ஃப்ராங்கிங் என்றார்கள். இன்று வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் கட்டும்போது கேட்கும் ஃப்ராங்கிங் அதன் வாரிசு.

சிலுவைப்போர்க் காலத்தில் அரபியர்கள் மேற்கு ஐரோப்பியர் எல்லாரையும் இந்த இனப் பெயராலேயே அழைத்தார்கள். பாரசீகத்தில் அது ஃபரங்கி. தமிழில் பரங்கி. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை எல்லாம் அவர்கள் வந்து தங்கிய இடங்கள். அமெரிக்கக் கண்டத்துக் காய் அவர்கள் கப்பலில் வந்ததால் பரங்கிக்காய். ஆக, ஃப்ராங்க் என்ற பெயருக்கும் மார்கழிக் கோலத்தில் வைக்கும் பரங்கிப்பூவுக்கும் தூரத்து உறவு உண்டு.

வீடியோவுல 'ஹாய் கைஸ்'ங்கிறாங்களே, கய்னு ஒரு பேரும் இருக்கே?

பேர்தான் முதலில். 1605 நவம்பர் 5 அன்று, லண்டன் பாராளுமன்றத்தின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கய் ஃபாக்ஸ் பிடிபட்டார். குறி, மேலே சொன்ன ஸ்டூவர்ட் குடும்பத்து அரசர் முதலாம் ஜேம்ஸ். அதன் பிறகு ஆண்டுதோறும் அந்த நாளில் பழைய துணியில் பொம்மை செய்து கொளுத்தினார்கள், பொம்மைக்குப் பெயர் கய். பிறகு கந்தலாக, விசித்திரமாக உடுத்தியவர் கய் ஆனார். அமெரிக்காவுக்குப் போனதும் கேலி உதிர்ந்து எந்த ஆணும் கய், இன்று பன்மையில் பெண்களும் சேர்த்தி.

பொம்மை என்றதும் நினைவுக்கு வருகிறது: டால் என்பதும் பெயர்தான், டோரதியின் செல்லப்பெயர். லண்டன் போலீஸ்காரருக்கு பாபி என்று பெயர் வந்தது, 1829-இல் அந்தப் படையை அமைத்த ராபர்ட் பீலால்.

பீட்டருக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தம்னு ஒருத்தர் சொன்னார். ஓட்டுறாரா?

ஓட்டவில்லை. கிரேக்கத்தில் பீட்டர் என்றால் பாறை. பெட்ரோலியம் என்பது லத்தீனில் பாறை எண்ணெய். பாறை இரண்டுக்கும் பொது. ('பீட்டர் விடுவது' நம் ஊர்ப் பேச்சு, அதில் பாறை எதுவும் இல்லை.)

பெயரின் பொருளை அப்படியே மொழிமாற்றுவதில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கெட்டிக்காரர்கள். ஜான் என்பதற்கு எபிரேயத்தில் 'கடவுள் அருளினார்' என்று பொருள், தமிழில் அருளப்பர். பால் என்றால் லத்தீனில் சிறியவர், தமிழில் சின்னப்பர். உங்கள் தெருவில் ஒரு சின்னப்பன் இருந்தால் அவருக்கும் பாலுக்கும் ஒரே பெயராக இருக்கலாம்.

எது உண்மையான சொந்தம், எது சும்மா ஒலி ஒற்றுமைன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

இரண்டு கேள்வி கேளுங்கள். பழைய ஏடுகளில் அந்தப் பெயரின் வடிவம் என்ன? எந்த மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது? ரோஸுக்கு முதல் கேள்வியே போதுமாக இருந்தது. பெயர்ப் பட்டியல் புத்தகங்களும் தளங்களும் இந்த இரண்டையும் தாண்டிக் குதித்து நேராக 'தைரியசாலி', 'இளவரசி' என்று எழுதிவிடும், அவற்றை நம்ப வேண்டாம்.

சில பயிற்சிக்கு. மார்க் என்ற பெயர் ரோமானிய மார்கஸ், போர்க் கடவுள் மார்ஸோடு தொடர்புள்ளது. அதன் சொந்தக்காரர் மார்ச் மாதம். பரீட்சை மார்க் பழைய ஆங்கிலத்தில் எல்லைக்குறி. கேரல் என்ற பெயர் சார்லஸின் பெண் வடிவம், கிறிஸ்துமஸ் கேரல் பிரெஞ்சில் வட்டமாக ஆடிப் பாடுவது. கிராண்ட் என்ற குடும்பப்பெயர் நார்மன் பிரெஞ்சில் 'பெரிய ஆள்'. அரசு தரும் கிராண்டோ 'நம்பு' என்ற லத்தீன் வேர், கிரெடிட்டின் உறவு.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் பாண்ட். கடன் பத்திரத்தைக் குறிக்கும் பாண்ட், கட்டு என்ற சொல்லின் திரிபு. குடும்பப்பெயரான பாண்ட், நார்வே பக்கத்து வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல், பொருள் நிலம் வைத்திருக்கும் உழவர். ஹஸ்பண்ட் என்பதில் பின்பாதியாக இருப்பதும் அவர்தான், முன்பாதி வீடு. ஊரெல்லாம் உழவராக இருந்த இடத்தில் பெயர் கிடைக்காது என்று ஸ்மித் பதிலில் சொன்னேனே என்று நீங்கள் கேட்கலாம். நார்மன் காலத்துக்கு முன்பே பாண்ட் ஒரு முதற்பெயராகவும் வழங்கியது, குடும்பப்பெயர் ஆக அந்த வழியும் இருந்தது.